தண்ணி என்று அலறியவனும் கயிற்றை வெட்டிய தச்சனும்

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் ‘கேன்டர்பரி டேல்ஸ்’, யாத்திரை போகிறவர்கள் வழியில் ஆளுக்கொரு கதை சொல்லும் நூல். அதன் பெயரைக் கேட்டதும் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் நமட்டுச் சிரிப்போடு நினைத்துக்கொள்வது மில்லர், அதாவது மாவு அரைப்பவன், சொல்லும் கதையைத்தான். இருட்டில் ஜன்னல் வழியே குண்டியை நீட்டுகிற கதை. அறுநூறு ஆண்டுகளாக இதை ஒளித்துவைத்தவர்களும் சரி, மேடையேற்றியவர்களும் சரி, பெரும்பாலும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வீட்டுக் கூரையில் மூன்று தொட்டிகள் தொங்குகின்றன. கதையை இத்தனை காலம் காப்பாற்றியது ஜன்னலைவிட அந்தத் தொட்டிகள்தான் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காகக் கதை. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் என்றொரு காசுள்ள தச்சன், வயசாளி. பெண்டாட்டி அலிசனுக்கு வயது 18. வீட்டு மாடியறையில் தங்கியிருக்கும் மாணவன் நிக்கலஸ் ஜோதிடப் பிரியன். தலைமாட்டு அலமாரியில் டாலமியின் வானநூல், நட்சத்திர உயரம் பார்க்கும் அஸ்ட்ரோலேப், கணக்குப் போடும் கற்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அவனுக்கும் அலிசனுக்கும் ஒத்துப்போய்விடுகிறது. அலிசன் மேல் கண் வைத்த இன்னொருவன் அப்சலன், கோயிற்பிள்ளை, அதாவது மாதாகோயில் உதவியாளன். சுருட்டை முடி, சித்திர வேலைப்பாடு வெட்டிய செருப்பு, கையில் கித்தார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம். குசு என்றாலே முகம் சுளிப்பவன் என்று அறிமுகத்திலேயே சாசர் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறார். அந்தச் சொல்லுக்கு வேலை வருவது ஏறத்தாழ 470 வரி தள்ளி.

ஜானை ஓர் இரவு அப்புறப்படுத்த வேண்டும். நிக்கலஸ் அறைக்குள் பூட்டிக்கொண்டு, வெறித்த பார்வையோடு கிடந்து, ஜானைப் பதற வைத்துப் பிறகு ரகசியம் சொல்கிறான்: வரும் திங்கள் இரவு பெருமழை, நோவா காலத்து வெள்ளம் இதில் பாதிகூட இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் உலகம் முழுகிவிடும். மாவு பிசையும் தொட்டியோ பீர் காய்ச்சும் அகன்ற தொட்டியோ ஆளுக்கொன்றாக மூன்று வேண்டும். உத்திரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு நாளைக்கான சாப்பாடு போதும், மறுநாளே வெள்ளம் வடிந்துவிடும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கோடரி. தண்ணீர் ஏறியதும் கயிற்றை வெட்டி, தோட்டப் பக்கத்துக் கூரைமுகட்டை உடைத்துக்கொண்டு மிதந்து போய்விடலாம். ஜான் தச்சன் அல்லவா, தன் கையாலேயே மூன்று ஏணி செய்கிறான். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு கூஜா நல்ல பீர். வேலைக்காரப் பையனையும் பெண்ணையும் லண்டனுக்கு அனுப்பிவிடுகிறான்.

ஒரே தொட்டி போதாதா? அங்கேதான் நிக்கலஸின் மூளை. நோவா தன் பெண்டாட்டியைக் கப்பலில் ஏற்றப் பட்ட பாடு தெரியாதா, அவளுக்குத் தனிக் கப்பல் இருந்திருந்தால் அவர் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பார் என்று கேட்கிறான். விவிலியத்தில் நோவாவின் மனைவி சண்டை போடுவதில்லை. அந்தச் சண்டை ஊர்த்தொழிலாளர் சங்கங்கள் தெருவில் போட்ட விவிலிய நாடகங்களில் வருவது. ஜானுக்குத் தெரிந்த வேதம் அந்த நாடகம்தான். படித்தவனாக இருந்தால், இனி ஒருபோதும் பிரளயம் அனுப்ப மாட்டேன் என்று ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் கடவுள் வானவில்லைக் காட்டி வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்திருக்கும். இன்னொன்று, அந்த இரவில் புருஷன் பெண்டாட்டிக்குள் பாவம் கூடாது, தொட்டிகள் தள்ளித் தள்ளித் தொங்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறான். ஜான் தொட்டியில் ஏறி, ஜெபம் சொல்லி, நாள் முழுக்க உழைத்த அலுப்பில் குறட்டை விடுகிறான். மற்ற இருவரும் ஏணி வழியாக இறங்கிப் படுக்கைக்குப் போகிறார்கள்.

இந்த இடத்தில் சாசர் ஜானை மறந்துவிடுகிறார். அதாவது, நம்மை மறக்க வைக்கிறார். ஏறத்தாழ 170 வரிகளுக்கு ஜான் இல்லை. அப்சலன் வாய் மணக்க ஏலமும் அதிமதுரமும் மென்றுகொண்டு ஜன்னலுக்கு வருகிறான். ஒரு முத்தம் கேட்கிறான். கும்மிருட்டு. அலிசன் குண்டியை நீட்ட, ஆசையாக முத்தமிட்டவன், பெண்ணுக்கு ஏது தாடி என்று திடுக்கிடுகிறான். ‘டீஹீ’ என்று சிரித்து அலிசன் ஜன்னலைச் சாத்துகிறாள். அவன் உதட்டை மண், மணல், வைக்கோல், துணி, மரச்சிராய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு தேய்க்கிறான். நேரே விடியுமுன் உலை மூட்டியிருக்கும் கொல்லன் கெர்வெஸிடம் போய்ப் பழுத்த இரும்பு ஒன்றை இரவல் வாங்கி வருகிறான்.

அந்த இரும்பு ஒரு கலப்பை உறுப்பு. அதைத் தமிழில் கொழு என்று எழுதினால் காட்சி பொருந்தாது. கொழு மண்ணைப் புரட்டுவது. ஐரோப்பியக் கனத்த கலப்பையில் அதற்கு முன்னால் மண்ணை நெட்டுக்குத்தாகக் கீறிக்கொண்டு போகும் ஒரு கத்தி உண்டு, அப்சலன் வாங்கியது அதைத்தான். நம் நாட்டுக் கலப்பையில் அந்த உறுப்பே கிடையாது. நீண்ட இரும்புத் தண்டு, ஒரு முனை மட்டும் வெட்டுவாய். அதனால்தான் அப்சலனால் குளிர்ந்த முனையைப் பிடித்துக்கொண்டு பழுத்த முனையை ஓங்க முடிகிறது. கொழுவை அப்படித் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. நகைச்சுவைக் கதைதானே என்று சாசர் எங்கேயும் அசிரத்தையாக இல்லை.

இரண்டாம் முறை நிக்கலஸ் நீட்டுகிறான், இடிபோல ஒரு குசு. அப்சலன் இரும்பை வைக்கிறான். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போகிறது. ‘தண்ணி! தண்ணி!’ என்று நிக்கலஸ் அலறுகிறான். அடுத்த வரியிலேயே கூரையில் ஜான் விழித்துக்கொள்கிறான். வெள்ளம் வந்துவிட்டது. கோடரியால் ஒரே வெட்டு. தொட்டி தரைக்கு வருகிறது, ஜானுக்குக் கை முறிகிறது.

முத்தக் கதையும் வெள்ளக் கதையும் சாசர் கண்டுபிடித்தவை அல்ல. பிரெஞ்சில் ஃபாப்லியோ என்ற கேலிக்கதை வகை அவருக்கு நூற்றாண்டுக்கு மேல் முந்தையது. 14-ஆம் நூற்றாண்டு டச்சுக் கதை ஒன்றில் ஆன்ட்வெர்ப் நகரத்து வேசி வீட்டில் மில்லர், பாதிரி, கொல்லன் மூவரும் ஒரே இரவில் வருகிறார்கள். தொட்டி, முத்தம், பழுத்த இரும்பு, தண்ணி எல்லாம் உண்டு. அதில் கூரையிலிருந்து விழுகிறவன் மில்லர்தான் என்பது தனி வேடிக்கை. அந்த வடிவத்தைச் சாசர் படித்தாரா என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அவர் செய்த வேலை வேறு. மாணவன், ஜோதிடம், பொறாமைக்காரக் கிழவன், கோயிற்பிள்ளை என்று ஒவ்வோர் ஆளுக்கும் அவனவன் குணத்திலிருந்தே தண்டனை வருமாறு இழைத்துவைத்தார். 668 வரிகளில் வீணான ஆணி ஒன்றுகூடக் கிடையாது.

அதைவிடப் பெரிய வேலை கதைக்கு வெளியே நடக்கிறது. பயணிகளில் முதலில் பேசியவர் நைட், அதாவது பிரபு வர்க்கத்து வீரர். 2,250 வரிகளில் இரண்டு இளவரசர்கள் ஒரு பெண்ணுக்காக மோதும் காவியம். அடுத்து மடாலயத் துறவி சொல்ல வேண்டும் என்கிறார் கதைப் பந்தயத்தை நடத்தும் விடுதிக்காரர். போதையில் முகம் வெளிறி, குதிரைமேல் உட்கார முடியாமல் ஆடும் மில்லர் குறுக்கே புகுந்து, இதற்குச் சரியான பதில் கதை என்னிடம் இருக்கிறது என்கிறான். பொறு தம்பி, உன்னைவிடத் தரமானவர் யாராவது முதலில் சொல்லட்டும் என்று தடுத்தும் கேட்கவில்லை. அவன் கதையிலும் ஒரு பெண், இரண்டு ஆண்கள். நைட் கதையில் சாகக் கிடக்கும் இளவரசன் ஆர்சைட், குளிர்ந்த கல்லறையில் துணையின்றித் தனியே என்று புலம்பும் அதே வரியை, மாணவன் தனியறையில் குடியிருந்தான் என்று சொல்ல மில்லர் அப்படியே எடுத்துப் போடுகிறான். உயர்ந்தவர் பேச்சைக் கேலி செய்து அடித்தட்டு ஆள் வரிசையில் முந்துவது என்ற ஏற்பாட்டை ஆங்கில இலக்கியம் இங்கேதான் கற்றுக்கொண்டது என்பேன். இந்தக் கதையின் பாதிப்பு என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கூடவே சாசர் ஒரு தந்திரமான மன்னிப்பும் கேட்டுவைக்கிறார்: குடிகாரன் சொன்னதை அப்படியே எழுத வேண்டியது என் கடமை, பிடிக்காதவர்கள் ஏட்டைப் புரட்டி வேறு கதை படியுங்கள். இதற்குப் பிறகு யார் புரட்டாமல் இருப்பார்கள்?

1700-இல் கவிஞர் டிரைடன் சாசரை நவீன ஆங்கிலத்தில் தந்தபோது, மில்லர் முதலியோர் கதைகளைச் சேர்த்திருந்தால் ஊரிலுள்ள மைனர்கள் எல்லாம் எனக்கு வாசகர்களாகியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டார். 12 ஆண்டு கழித்து சாமுவேல் காப் அதைத் தனியாக எழுதி அச்சேற்றினார். 1896-இல் வில்லியம் மாரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பிரம்மாண்டமான சாசர் பதிப்பைக் கொண்டுவந்தார். பர்ன்-ஜோன்ஸ் வரைந்த படங்கள் 87. மில்லர் கதைக்கு ஒன்றுகூட இல்லை, மனிதர் கை அங்கே போகவில்லை. 1986-இல் ஃபுளோரிடாவின் கொலம்பியா மாவட்டப் பள்ளி வாரியம், விருப்பப்பாடத்துக்கான புத்தகம் ஒன்றை இந்தக் கதைக்காகவும் ஒரு கிரேக்க நாடகத்துக்காகவும் வகுப்பிலிருந்து எடுத்தது. அந்த இரண்டும் கட்டாயப் பாடம்கூட அல்ல. வழக்கு போட்டார்கள். 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முடிவு விவேகமானதா என்பது எங்கள் வேலை இல்லை, வாரியத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. புத்தகம் பள்ளி நூலகத்தில் இருந்தது. ஏட்டைப் புரட்டுங்கள் என்று சாசர் சொன்னதை நீதிமன்றம் தன் பாஷையில் திருப்பிச் சொன்ன மாதிரி.

கொண்டாடியவர்கள் பக்கமும் குறை உண்டு. இத்தாலிய இயக்குநர் பசோலினி இந்த நூலை வைத்து எடுத்த 1972 திரைப்படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி வாங்கியது; உடலை ஒளிக்காமல் காட்டும் துணிச்சல் அதில் இருக்கிறது, நைட்டுக்குப் பதில் என்ற விளையாட்டு இல்லை. பதில் என்றால் முதலில் கேள்வி வேண்டுமே, நைட் கதையையே அவர் எடுக்கவில்லை. 2003-இல் பிபிசி இதைக் கரோக்கி பாடும் மதுக்கடைக்குக் கொண்டுபோனது. நிக்கலஸ் அங்கே ஜோதிடம் சொல்வதில்லை, பாடகியாக்குகிறேன் என்று ஆசை காட்டுகிறான். பிரளயத்தை நம்பிய ஊருக்குப் பதில் புகழை நம்பும் ஊர். எனக்குப் பிடித்த மாற்றம் இது. பாதிப்புப் பட்டியலில் எல்லோரும் தவறாமல் சேர்ப்பது புரோகால் ஹாரும் குழுவின் 1967 பாட்டு. மில்லர் கதை சொல்கிறான், ஒரு முகம் வெளிறுகிறது, வேறென்ன வேண்டும் என்பார்கள். பாட்டை எழுதிய கீத் ரீட், தான் மில்லர் கதையைப் படித்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். அதை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

இதைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்குச் சில சங்கதிகள். மொத்தக் கதையும் ஒரு சொல்லில் தொங்குகிறது. நிக்கலஸ் கேட்பது புண்ணில் ஊற்ற, ஜான் கேட்பது பிரளயம். ‘தண்ணீர்’ என்று எழுதினால் கொஞ்சம் ஆறிப்போகும், ‘தண்ணி’ பிழைக்கும், ஆனால் சாராய வாடை சேர்ந்துகொள்ளும். குடிகார மில்லர் வாயில் அது பரவாயில்லை. நாஞ்சில் நாட்டுப் பேச்சுக்குத்தான் அதிர்ஷ்டம். அங்கே குடிக்கிற தண்ணிக்கே ‘வெள்ளம்’ என்றுதான் பெயர். ‘அய்யோ வெள்ளம்!’ என்று அலறினால் இரண்டு அர்த்தமும் ஒரே மூச்சில் விழும். அதுபோல, கடவுளின் ரகசியத்தையும் பெண்டாட்டியின் ரகசியத்தையும் புருஷன் துருவக்கூடாது என்று மில்லர் சொல்லும் இடம்: ஆங்கிலச் சொல்லில் மறைவான உறுப்பும் அடக்கம். ‘அந்தரங்கம்’ என்று போட்டால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். நோவாவையும் கிறிஸ்துமஸையும் ஜான் ஒரே சொல்லில் குழப்பி உளறுவதுதான் கரை சேராது. அதை விட்டுவிடுவதே மேல், அடிக்குறிப்பில் நகைச்சுவையை விளக்கினால் செத்துவிடும்.

‘பின்புறம்’ என்று நாசூக்கு பார்க்கவும் வேண்டாம். சாசர் எழுதியது தெருச் சொல். ஆனால் அதற்காக எல்லா இடத்திலும் கொச்சையை அள்ளிக் கொட்டினாலும் கெட்டுவிடும். அலிசனின் வர்ணனையைப் பாருங்கள்: பார்வைக்குக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும் வீசல் என்ற விலங்கு போல மெலிந்த உடல், காலைப் பால் போல வெளுத்த, இடுப்பில் கட்டும் முன்துணி, வைக்கோலில் வைத்த ஆப்பிள் போல இனிக்கும் வாய். அரண்மனைக் கவிதையின் நடையைப் பண்ணைவீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த நயம் உயரே இருந்தால்தான் ஜன்னல் அத்தனை தாழ்வாகத் தெரியும்.

முடிவில் மூன்று ஆண்களும் அடிபடுகிறார்கள், அலிசனுக்கு ஒன்றும் ஆவதில்லை. இதற்கு நூறு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஊரார் திரண்டு வந்தபோது, இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வெள்ளம் வரும் என்று எங்களையும் சேர்த்துத் தொட்டியில் உட்கார வைத்தான் என்று அவளும் நிக்கலஸும் முந்திக்கொண்டு சொல்கிறார்கள். கை முறிந்த ஜான் என்ன சொன்னாலும் ஒருவரும் கேட்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு கதை முடிகிறது. சீக்கிரம் கொண்டுவந்து தருகிறேன் என்று அப்சலன் வாங்கிப்போன இரும்பு கெர்வெஸுக்குத் திரும்பி வந்ததா என்று மட்டும் சாசர் சொல்லவில்லை.