காரைக்கால் பாண்டிச்சேரியில் இல்லை

நேற்று முழுக்கச் சுற்றிய அந்த மேப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'புதுச்சேரி' என்று தலைப்பு, கடலோரமாக ஒரே ஒரு புள்ளி. "காரைக்கால் எங்கே?" என்று அதைப் போட்டவரிடமே போய்க் கேட்டேன். "அது நாகப்பட்டினம் மாவட்டம்தானே ப்ரோ" என்று பதில். நான் ப்ரோவும் இல்லை என்பது தனிக்கதை.

தம்பி, பொறுமையாகவே சொல்கிறேன். புதுச்சேரி என்பது ஒரு ஊர். அதே பெயரில் ஒரு யூனியன் பிரதேசமும் இருக்கிறது. அதில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு பகுதி. மாஹேயைச் சுற்றிக் கேரளா, ஏனாமைச் சுற்றி ஆந்திரா, எங்களைச் சுற்றி நாகையும் மயிலாடுதுறையும். காரைக்கால் தனி மாவட்டம். வண்டி நம்பரே பி.ஒய். 02. எங்கள் எல்லையில் இருக்கும் வாஞ்சூர் மதுக்கடைக்கு வழி தெரிகிறவர்களுக்கு இது மட்டும் தெரியாது!

இதற்கா இவ்வளவு கோபம் என்பீர்கள். கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போனபோது, கவுன்ட்டரில் இருந்தவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல புதுச்சேரின்னு இருக்கு, கீழ காரைக்கால்னு இருக்கு. எதும்மா சரி?" ரெண்டும் சரி சார் என்றேன். "ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?" விளக்கக் கடிதம் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் எங்கள் தலைநகரான புதுச்சேரிக்கு பஸ் ஏறினார். பூவம் தாண்டினால் தமிழ்நாடு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் கடந்து சுமார் 130 கிலோமீட்டர். எங்கள் தலைநகருக்கு நாங்கள் பக்கத்து மாநிலம் வழியாகத்தான் போகிறோம்.

"அப்போ தமிழ்நாட்டோட சேர்ந்துடுங்களேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இணைப்புப் பேச்சை எடுத்தபோது இங்கே எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வரட்டும். தமிழ்நாட்டின் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாதிக் கல்யாணம் அங்கேதான்.

"குட்டி இடத்துக்கு எதுக்கு இத்தனை பிரிவு?" என்பது அடுத்தது. இது கொஞ்சம் வலிக்கிற இடம். மொத்தம் 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, அதாவது பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி. அதில் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஐந்தும் எங்களுடையவை. பிரிவெல்லாம் இருக்கிறது, போர்டும் இருக்கிறது, உட்காரத்தான் ஆள் இல்லை. 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல், 38 வருஷம் கழித்து! 2011-ல் அவர்கள் காலமும் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்தார்கள், திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

1954-ல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமமான கீழூரில், பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு இணைவதா என்று ஓட்டுப் போட்ட 178 பேர் யார் தெரியுமா? மக்கள் தேர்ந்தெடுத்த சபை உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களும். 170 பேர் இணையலாம் என்றார்கள். கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு நாட்டோடு சேர்ந்த ஊர் இது. இன்று எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் சொல்ல ஒரு கவுன்சிலர் கிடையாது. 30 எம்எல்ஏ-வில் எங்களுக்கு 5 பேர், அவர்களும் சபை நடந்தால் பாண்டியில். "கவுன்சிலர்னா யாரு அத்தை?" என்று கேட்கிறான் அண்ணன் மகன். அவன் போன தடவை எம்பி தேர்தலுக்கு ஓட்டுப் போட்டவன்.

மேப்பில் விட்டதை மட்டும் சொல்லத்தான் வந்தேன், எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். தம்பி, படத்தை எடுக்க வேண்டாம், இன்னும் மூன்று புள்ளி வை. ஏனாமுக்கு மேலே ஏறிப் போகணும், காகிதம் பெரிதாகத்தான் வேண்டும்.