நூல்கண்டை உருட்டிவிடாதீர்கள், பின்னிக் கொடுங்கள்

பூனை என்றாலே நூல்கண்டை உருட்டி விளையாடும் படம்தான் எல்லோர் மனதிலும் வரும். வாழ்த்து அட்டையிலும் அதுதான், குழந்தைகள் புத்தகத்திலும் அதுதான். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால், பின்னி மிச்சமான உல்லன் கண்டை அப்படியே பூனை முன்னால் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து போடாதீர்கள். நூலில் பூனைக்கு எத்தனையோ நல்ல பொம்மைகள் செய்யலாம். ஆனால் செய்து முடித்த பொம்மையில் "நூல்" என்று தனியாக எதுவும் பூனையின் வாய்க்கு எட்டக் கூடாது. கீழே சொல்லியிருக்கும் அளவுகள், ஊசி எண், முடிச்சு எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பூனையின் நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொரசொரப்பு முழுக்கத் தொண்டையைப் பார்த்து வளைந்த சின்னச் சின்ன முட்கள். ரோமத்தைச் சீவ அருமையான அமைப்பு. ஆனால் நூல் அதில் மாட்டினால் உள்ளேதான் போகும், துப்புவது பூனைக்கு ரொம்பக் கஷ்டம். விழுங்கிய நூலின் ஒரு பகுதி நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாசலிலோ சிக்கிக்கொள்ள, மீதி குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும். நூல் நகராது, குடல்தான் நூல்மேல் ஏறிச் சுருங்கும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாகச் சேருமே, அதேதான். இறுகிய நூல் நாளாக ஆகக் குடலை அறுத்து ஓட்டை போட்டுவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைப்பது கடினம். நூல் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாமலும் போகலாம். மருத்துவர் நாக்கைத் தூக்கிப் பார்ப்பதும், குடல் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று தேடுவதும் அதனால்தான்.

நூல் காணாமல் போயிருக்கிறது, பூனை வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை, ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுக்கும்போது அறுபடுவது உள்ளே இருக்கும் குடல். வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம்.

இப்போது நூலுக்கு வருவோம். பேச்சு வழக்கில் "உல்லன்" என்று சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக்தான், கம்பளி இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகி ஒழுகும், ஆறினால் கெட்டியான கரு மணி மாதிரி நிற்கும். பொம்மைக்கு இரண்டுமே ஆகும். நன்றாக முறுக்கிய பருத்தி நூல் இவற்றைவிட நல்லது. பிசிறு குறைவு, அடிக்கடி துவைக்கலாம். அதன் குறை, வழுவழுவென்று இருப்பதால் முடிச்சு நழுவும். நுனியை இன்னும் கொஞ்சம் நீளமாக உள்ளே செருக வேண்டியிருக்கும்.

மொஹேர், வெல்வெட் மாதிரி இருக்கும் ஷெனில், கண்ணிமை போல் முடி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேன்ஸி நூல், ஜரிகை கலந்தது, இவை எதுவும் வேண்டாம். தொட மெத்தென்று இருக்கும், ஆனால் பத்து நிமிஷக் கடியில் இழை இழையாக உதிரும். கம்பளியை வாயில் வைத்துச் சப்பும், மென்று விழுங்கும் பழக்கம் சில பூனைகளுக்கு உண்டு. சயாமீஸ், பர்மன் இனங்களில் இது அதிகம். அப்படிப்பட்ட பூனைக்கு நூல் பொம்மையே கொடுக்காதீர்கள்.

இரண்டு கம்பியில் பின்னும் நிட்டிங்கைவிட, ஒரே கொக்கி ஊசியில் பின்னும் குரோஷேதான் இந்த வேலைக்குச் சரி. நிட்டிங்கில் ஒரு கண் அறுந்தால் கீழ்வரை ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். குரோஷேயில் ஒவ்வொரு ஸ்டிச்சும் தனித்தனியாக மூடப்படுவதால், நடுவில் பல் பட்டு அறுந்தாலும் அந்த இடத்தில் ஓட்டை விழும், அவ்வளவுதான். ஆனால் கடைசி நுனி அவிழ்ந்தால் குரோஷே முழுவதுமே உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் பின்னுவதற்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியாவது நுனிக்குக் கொடுங்கள்.

கொக்கி ஊசியைப் பொறுத்தவரை நூல் சுற்றியிருக்கும் காகிதத்தில் போட்ட எண்ணை நம்ப வேண்டாம். அது ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் சொன்னது. நடுத்தரப் பருமன் நூலுக்கு 5 மி.மீ. என்று போட்டிருந்தால் 3.5 மி.மீ. ஊசி எடுங்கள். கை கொஞ்சம் வலிக்கும். பின்னல் கெட்டியாக வந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஸ்டிச்சுக்கு நடுவே ஒளி தெரியக் கூடாது. பூனையின் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அடைத்த பொருள் வெளியே வரும், நகமும் மாட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரு பந்து. சுமார் 10 மீட்டர் நூல் போதும். மேஜிக் ரிங்கில் (நுனியை இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே (குரோஷேயின் அடிப்படையான குட்டை ஸ்டிச்) போட்டுத் தொடங்குங்கள். ரிங்குக்கு நூலை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றாக எடுங்கள். அந்த வளையத்தை இறுக்கிப் பிடித்திருப்பது ஒற்றை நுனிதான், அது நழுவினால் பந்தின் உச்சியில் துளை திறந்துவிடும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ஸ்டிச்சிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறிப் போட்டால் 18. நான்காவதில் இரண்டு ஸ்டிச்சில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு, மொத்தம் 24. ஐந்திலிருந்து எட்டாம் சுற்றுவரை கூட்டாமல் குறைக்காமல் 24. பிறகு வந்த வழியே இறங்க வேண்டும்: ஒன்பதில் 18, பத்தில் 12. இங்கே நிறுத்தி உள்ளே அடையுங்கள். பதினொன்றாம் சுற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 மிஞ்சும். குறைக்கும்போது இரண்டு ஸ்டிச்சின் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் எடுத்துச் சேருங்கள். இரண்டு பக்க இழையையும் எடுத்தால் அந்த இடத்தில் புடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓட்டை விழும். முக்கால்வாசிப் பந்துகள் கிழியத் தொடங்குவது இந்த ஓட்டைகளில்தான்.

பந்து நாலரை செ.மீ. விட்டத்துக்குப் பக்கமாக வரும். டேபிள் டென்னிஸ் பந்து 4 செ.மீ. அதைவிடச் சிறியதாக எதுவும் செய்யாதீர்கள், முழுசாக வாய்க்குள் போகும் அளவு ஆபத்து. குட்டிப் பூனை என்பதற்காகக் குட்டிப் பந்து பின்ன வேண்டாம். குட்டிக்குப் பெரிய பந்து இன்னும் நல்லது, கட்டிப் பிடித்து உருளும்.

இனி நுனி. 25 செ.மீ. விட்டு நூலை வெட்டி, மொட்டை முனை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய ஆறு ஸ்டிச்சின் வெளிப்பக்க இழைகளில் வரிசையாக நுழைத்து இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு முடிச்சுப் போட்டு, ஊசியைப் பந்தின் நடுவே செலுத்தி எதிர்ப்பக்கம் எடுங்கள். வந்த இடத்திலேயே திரும்ப நுழைக்காமல் ஒரு ஸ்டிச் தள்ளி நுழைத்து வேறொரு பக்கம் எடுங்கள். மூன்றாவது முறை பின்னலின் மேல்தோலோடு ஓட்டி, நூலின் புரிகளுக்கு நடுவே ஊசியைக் குத்தி இழுங்கள். புரிக்குள் குத்தினால் நூலே நூலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக நுனியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, பின்னலை ஒட்டி வெட்டுங்கள். விட்டதும் அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இப்போது உங்கள் நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். உங்களால் நுனியைத் தேடி எடுக்க முடிந்தால், பூனையாலும் முடியும். ஆரம்ப நுனியையும் விட்டுவிடாதீர்கள். பந்து திறந்திருக்கும்போதே அதை வளையத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிவிட வேண்டும்.

உள்ளே என்ன அடைப்பது? பாலியஸ்டர் பஞ்சு பரவாயில்லை. வெட்டிய நூல் மிச்சங்களை அடைக்கச் சொல்லி நிறையப் பேர் யோசனை தருகிறார்கள். வீணாகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் பந்து கிழிந்த அன்று பூனைக்குக் கிடைப்பது கைநிறைய நூல். அதைவிடப் பழைய பருத்தித் துணியில் ஒரே துண்டை உருட்டி அடைப்பது மேல். கிழிந்தாலும் பெரிய துண்டாகவே இருக்கும். சத்தம் வேண்டுமென்றால், திருகு மூடி போட்ட மிகச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு மூன்று காய்ந்த பயறு போட்டு, மூடியைப் பசையால் ஒட்டித் துணியின் நடுவே வையுங்கள். வெளியே தைக்கும் சலங்கை வேண்டாம். அதன் பிளவில் நகமும் பல்லும் மாட்டும். கண்ணுக்குப் பொத்தான், மணி, பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். முகம் வேண்டுமானால் அதே நூலால் எம்ப்ராய்டரி போடுங்கள். அழகு நமக்குத்தான், பூனைக்கு அசைவு போதும். நிறத்தில் நீலமும் மஞ்சளும் பூனைக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், போதாக்குறைக்கு அடர்சிவப்பில் சாயம் இறங்குவது அதிகம். எந்த நிறமானாலும் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பின்னுங்கள்.

பாம்பாம் என்ற நூல் குஞ்சப் பந்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செய்ய ஐந்து நிமிஷம், பார்க்க அழகு, அதனால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். என் கருத்தில் பூனைக்குச் செய்யவே கூடாத பொம்மை அது. 100 சுற்றுச் சுற்றி வெட்டினால் 200 நுனிகள், அத்தனையையும் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு கட்டு. பூனை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்கக் கட்டு தளரும், பிறகு கொத்தாக வரும். குஞ்சமும் இப்படித்தான். எலி பொம்மைக்கு ஒற்றை நூலில் வால் விடுவதும் இப்படித்தான். வெறும் செயின் பின்னலில் (வளையத்துக்குள் வளையமாக இழுத்த ஒற்றைச் சங்கிலி) வால் வைத்தால் நுனி அறுந்ததும் முழுதும் உருவிவிடும். வால் வேண்டுமென்றால் 10 செயின் போட்டு, அதன்மேல் திரும்பி சிங்கிள் குரோஷே பின்னி, 5 செ.மீ. அளவில் தடிப்பாக நிறுத்தி, அடிப்பகுதியை உடலின் பின்னலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

செயின் ஒவ்வொன்றிலும் மூன்று சிங்கிள் குரோஷே போட்டால் தானாகச் சுருண்டு ஸ்பிரிங் மாதிரி வரும். 20 செயின் போதும். பூனைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அடைக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் மெல்லியது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

கைவேலைக்குப் பலன் நிறையக் கிடைப்பது உதைக்கும் உருளையில். பூனை முன்கால்களால் கட்டிப் பிடித்துப் பின்கால்களால் உதைக்குமே, அதற்கு. சுற்றுக்கு 36 ஸ்டிச், 45 முதல் 50 சுற்று. நீளம் 25 முதல் 30 செ.மீ., விட்டம் 7 செ.மீ., நூல் சுமார் 50 கிராம். நெஞ்சிலிருந்து பின்கால்வரை எட்டாத நீளமானால் பூனை உதைக்காது, சும்மா கடித்துவிட்டுப் போய்விடும். கெட்டியாக அடையுங்கள், தளர்ந்தால் நடுவில் மடங்கும். உள்ளே சின்னத் துணிப்பையில் ஒரு ஸ்பூன் காய்ந்த கேட்னிப் (பூனைகளைக் கிறங்க வைக்கும் புதினா இனச் செடி) வைக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு பூனைகள்தான் அதற்கு மயங்கும், அது பிறவியிலேயே வருவது. சில மாதக் குட்டிகள் பெரும்பாலும் சட்டை செய்யாது. கேட்னிப்பைத் திரும்பிப் பார்க்காத பூனைகளில் பல சில்வர்வைன் என்ற கொடியின் பொடிக்கு மயங்கும். நம் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு, அதன் வேருக்கும் பூனைகள் கிறங்கும். பெயர் வைத்தவர்கள் பூனையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்!

பின்னவே தெரியாதவர்களுக்கு ஃபெல்ட் பந்து, அதாவது கம்பளி இழைகள் வெந்நீரில் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிய பந்து. நூறு சதவீதம் கம்பளி நூல் வேண்டும், சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கக் கூடாது. அந்த நூல் சுருங்காமல் இருக்கவே பதப்படுத்தப்பட்டது. அக்ரிலிக்கும் ஆகாது. 20 முதல் 25 கிராம் நூலைத் திசை மாற்றி மாற்றி இறுக்கிச் சுற்றி, நுனியை ஊசியால் நடுவே செலுத்துங்கள். பழைய நைலான் ஸ்டாக்கிங்கில் போட்டு இறுக முடிந்து, தடித்த துணிகளோடு 60 டிகிரி வெந்நீரில் வாஷிங் மெஷினில் ஓட்டுங்கள். ஒரு முறையில் பாதிதான் ஒட்டும். இரண்டு மூன்று முறை ஓட்டி, தனி இழையை நகத்தால் தூக்க முடியாத அளவு ஆன பிறகு காயவையுங்கள். உள்ளே காய இரண்டு நாள் ஆகும். வெளியே காய்ந்ததும் கொடுத்துவிட்டால் நடுவில் பூஞ்சை பிடிக்கும்.

கோலில் தொங்கும் பொம்மைக்கு ஒற்றை நூலோ எலாஸ்டிக்கோ கட்ட வேண்டாம். விரல் பருமன் துணிப் பட்டையைக் கட்டுங்கள். விளையாடி முடித்ததும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஆட்டும்போது பூனையை நோக்கி வீசாமல் அதைவிட்டு விலகி ஓடுவது மாதிரி இழுங்கள், ஓரத்தில் ஒளித்து ஒரு நொடி நிறுத்துங்கள். எந்த இரையும் வேட்டையாடும் வாயைத் தேடி வராது.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு பொம்மையையும் கையில் எடுத்துப் பிதுக்கி, தையலை இழுத்துப் பாருங்கள். அடைத்தது தெரிந்தாலோ ஒரு வளையம் நீண்டு தொங்கினாலோ தைத்துச் சரிசெய்யாமல் தூக்கிப் போடுங்கள். எச்சிலில் ஊறிய நூல் அறுந்த இடத்துக்குப் பக்கத்திலும் பலமிழந்துதான் இருக்கும்.

பின்னிக்கொண்டிருக்கும்போதுதான் பூனை மடியில் வந்து உட்காரும். வெட்டும் நுனிகளைத் தரையில் உதிர விடாமல் மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். நூல்கண்டையும் கூடையில் திறந்து வைக்காதீர்கள். நடுவில் எழுந்து போவதானால் நூல் கோத்த ஊசியைச் சோபாவில் குத்தி வைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். பூனை நூலின் நுனியில்தான் தொடங்கும், ஊசி அதன் பின்னாலேயே தொண்டைக்குள் போகும்.