20-ம் 25-ம் சேர்ந்தால் 45 இல்லையாம்

மாத்திரை தயாரிக்கும் சின்ன கம்பெனி நடத்துகிறேன், வருஷ விற்றுமுதல் 18 கோடி. மானியம் கேட்டு இரண்டு அரசு அலுவலகங்களுக்கு நடுவே நாலாவது முறையாகப் பந்தாடப்பட்டு வந்த கடுப்பில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மருந்துத் தொழிற்சாலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது ஷெட்யூல் எம். அதை 2023 டிசம்பர் கடைசியில் திருத்தினார்கள். புது விதிக்கு மாற 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 6 மாதம், எங்களுக்கு ஒரு வருஷம். அப்புறம் அவகாசம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். உடனே 'தரம் என்றாலே சின்ன கம்பெனிக்காரனுக்குக் கசக்கும்' என்று கிளம்பி வராதீர்கள். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போனார்கள். அதிலிருந்து கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட 'உங்க கம்பெனியில சிரப் போடுறீங்களா?' என்று கேட்கிறார்கள். நாங்கள் சிரப்பே போடுவதில்லை, ஆனாலும் அந்தக் கேள்வி நியாயம்தான். விதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. விதிக்குப் பணம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அந்தப் பணத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

காகிதத்தில் பார்த்தால் ஜோராக இருக்கும். மத்திய அரசின் மருந்துத் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டத்தை 2024 மார்ச்சில் திருத்தினார்கள். 50 கோடிக்குக் கீழே விற்றுமுதல் என்றால் முதலீட்டில் 20 சதவீதம், உச்சவரம்பு ஒரு கோடி. மாநிலத் திட்டங்களோடு சேர்த்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். தமிழ்நாட்டு மூலதன மானியம் இயந்திரங்களுக்கு 25 சதவீதம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, மருந்துத் தொழில் சிறப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. கூட்டினால் 45. இதில் ஒரு கன்சல்டன்ட் வந்து, ஜெட் (ZED) என்ற தரச் சான்றிதழுக்குச் சிறு நிறுவனம் என்றால் 60 சதவீத மானியம், அதையும் சேர்க்கலாம் சார் என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார். அந்த 60 சான்றிதழ் கட்டணத்துக்கு மட்டும்தான், மெஷினுக்கு இல்லை. அவர் கணக்குப்படி 105 சதவீதம் வருகிறது, அரசாங்கம் எனக்கு 5 சதவீதம் லாபமும் தர வேண்டும்!

என் செலவு 2 கோடி. ஏ.ஹெச்.யு (காற்றை வடிகட்டி அனுப்புகிற மெஷின்), டக்ட், கிளீன் ரூம் (தூசி புகாத அறை) பேனல், எபாக்ஸி தரை எல்லாம் சேர்த்து 1.1 கோடி, தண்ணீர் சுத்திகரிப்பு 30 லட்சம், லேபுக்கு மருந்தைப் பரிசோதிக்கிற எச்.பி.எல்.சி கருவி, மருந்து எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கிற ஸ்டெபிலிட்டி சேம்பர் 40 லட்சம், மீதி 20 லட்சம் ஆவணங்களைக் கணினியில் வைக்கிற சாஃப்ட்வேர், எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து எழுதி வைக்கிற வேலிடேஷன் இத்யாதி. ஒரு அலுவலகத்தில் கிளீன் ரூம் என்றால் தகுதியான செலவு. இன்னொரு அலுவலகத்தில் 'பேனல் செவுரு மாதிரிதானே இருக்கு? அப்போ கட்டடம்' என்று கோடு போட்டு அடித்தார்கள். டக்ட்டும் கட்டடமாம், கூரையோடு ஒட்டியிருக்கிறதாம். ஏ.ஹெச்.யு மெஷின், அதிலிருந்து காற்று போகிற குழாய் கட்டடம். காற்று எந்த வகை என்று கேட்க நாக்கு வரை வந்தது.

அடுத்த கேள்விதான் என்னைப் பிடித்து உலுக்கியது. 'இந்த முதலீட்டால உற்பத்தி எவ்வளவு கூடும்?' கூடாது சார். குறையும். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே ஏர்லாக் (காற்று கலக்காமல் தடுக்கிற இரட்டைக் கதவு அறை) வைக்கிறோம், ஆள் போகிற வழி வேறு, சரக்கு போகிற வழி வேறு என்று பிரிக்கிறோம், இருந்த இடத்தில் ஒரு டேப்லெட் பிரஸ்ஸை வெளியே எடுத்தே ஆக வேண்டியிருந்தது. தரத்தைக் கூட்டச் சொன்னதும் அரசாங்கம், அதற்கு மானியம் கேட்டால் எண்ணிக்கை ஏன் கூடவில்லை என்று கேட்பதும் அரசாங்கம். படிவத்தில் 'உற்பத்தி உயர்வு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? மைனஸ் போட்டு எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், பொய் எழுதினால் நாளைக்கு நான்தான் மாட்டுவேன்.

ஜி.எஸ்.டி தனிக் கூத்து. மானியம் வரி நீக்கிய தொகைக்குத்தான் என்றார்கள், சரி. மெஷினுக்கு 18 சதவீதம் கட்டியாயிற்று. 2025 செப்டம்பர் 22-லிருந்து மாத்திரைக்கு 5 சதவீதம்தான், நோயாளிக்கு நல்லது, சந்தோஷம். ஆனால் உள்ளே வரும் வரி கூட, வெளியே போகும் வரி குறைவு என்று ரீஃபண்ட் கேட்கப் போனால் மூலப்பொருளுக்கு மட்டும்தான் உண்டு, மூலதனப் பொருளுக்குக் கிடையாது. ஒரு கையால் 20 சதவீதம் தருவதாகச் சொல்கிறவர்கள் இன்னொரு கையால் 18-ஐ என் கணக்குப் புத்தகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். விற்று விற்றுத்தான் அதைக் கழிக்க வேண்டும், எத்தனை வருஷம் ஆகுமோ!

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பைசாகூட முன்னால் வராது. செலவு பண்ணு, பில் கொண்டு வா, சார்ட்டர்ட் இன்ஜினியர் கையெழுத்து, ஆடிட்டர் கையெழுத்து, அப்புறம் பார்க்கலாம். முன்னாலேயே கையில் 2 கோடி இருந்திருந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்? ஒன்றரைக் கோடி டேர்ம் லோன், வட்டி மட்டும் மாதம் 1.3 லட்சத்துக்கு மேல். வீட்டுப் பத்திரம் பேங்கில். மருந்துத் துறையில் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை தருகிற பி.எல்.ஐ திட்டத்துக்கு 15,000 கோடி ஒதுக்கினார்கள், எங்கள் மேம்பாட்டுத் திட்டம் அடங்கியிருக்கிற தொகுப்புக்கு மொத்தமே 500 கோடி, அதிலும் பொது வசதி மையம், பயிற்சி என்று பங்கு போகும், அதன் ஆயுளும் 2025-26 வரைதான். லைசென்ஸுக்கு மட்டும் கெடு தேதி தெளிவாக இருந்தது. மானியம் எந்தத் தேதிக்குள் வரும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

இன்றைக்கு நடந்தது இது. ஒரு இடத்தில், 'மாநில மானியம் எவ்வளவு சாங்ஷன் ஆச்சுன்னு கடிதம் வாங்கிட்டு வாங்க, அதை வெச்சுத்தான் நாங்க கணக்குப் போடணும்' என்றார்கள். சரி என்று மற்ற இடத்துக்குப் போனால், 'இதே சொத்துக்கு வேற எங்கேயும் மானியம் வாங்கலைன்னு அஃபிடவிட் கொடுங்க, அப்பதான் ஃபைல் நகரும்' என்றார்கள். சேர்த்து வாங்கலாம் என்று அச்சடித்த காகிதத்தை நீட்டினேன். 'அது அவங்க காகிதம்' என்று பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஆடிட்டர் தம்பிக்குப் போன் போட்டேன். 'அண்ணே, ரெண்டுக்கும் ரெண்டு பத்திரம் ரெடி பண்ணிடலாம்' என்றான். ஒன்றில் விண்ணப்பித்திருக்கிறேன், இன்னொன்றில் எதுவும் இல்லை. நோட்டரி இரண்டையும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, 'சார், இதுல எது நெஜம்?' என்று கேட்டார். கையெழுத்துப் போடாமல் இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி போக வேண்டும்.