வரிசை எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்
பழைய எடிசன் ஃபோனோகிராஃபை (உருளையில் பதிந்த ஒலியை இசைக்கும் பெட்டி) ஆவணப்படுத்த, பெட்டியின் பெயர்த்தகட்டிலுள்ள மாடல் பெயரும் வரிசை எண்ணும் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது. 1908இல் 4 நிமிடம் ஓடும் ஒலி உருளை வந்ததும், பழைய 2 நிமிடப் பெட்டிகளில் பலர் அதையும் இசைக்கக் கூடுதல் பற்சக்கரம் வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். தகடு அதைச் சொல்லாது.

பெட்டி எந்த உருளைக்கு ஓடுகிறது என்பதை உருளை மாட்டாமலே கண்டுபிடிக்கலாம். மாண்ட்ரலில் (உருளையை மாட்டும் சுழல் தண்டு) சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, 15 விநாடிக்கு 40 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 160 வரும்படி வேகத் திருகைத் திருப்புங்கள். உருளையின் வரிகளைத் தன் முனையால் தொட்டு ஒலியெழுப்பும் ரீப்ரொட்யூசரைக் கழற்றிவிட்டு (இல்லாவிட்டால் முனை மாண்ட்ரலில் உரசும்) அதைத் தாங்கும் வெறும் தாங்கியை இறக்கி ஓடவிடுங்கள். தாங்கி ஒரு நிமிடத்தில் 40 மி.மீ. நகர்ந்தால் அங்குலத்துக்கு 100 வரி, 2 நிமிட ஓட்டம். 20 மி.மீ.தான் என்றால் 200 வரி, 4 நிமிடம். விட்டுவிட்டு நகர்ந்தால் தாங்கியை நகர்த்தும் திருகாணியில் அழுக்கு, அல்லது அதைக் கவ்வும் அரைமரை (பாதி வடிவ நட்டு) தேய்ந்திருக்கிறது, அதையும் எழுதுங்கள்.

ரீப்ரொட்யூசரில் பொறித்த எழுத்தைக் கிட்டத்தில் படமெடுப்பது அவசியம். சி என்றால் 2 நிமிடம், எச் என்றால் 4. வைர முனை உள்ளது எடை கூடியது, 1912இல் வந்த புளூ அம்பெரால் என்ற செல்லுலாய்டு உருளைக்கானது. மெழுகு உருளையில் அதை வைத்தால் வரிகளைச் சீவிவிடும். தயவுசெய்து சோதனைக்குக்கூட வைக்காதீர்கள்.