ஒன்பது மீட்டர் சக்கரமும் நீண்டுபோன மூக்கும்

ஜார் டாங்கி என்ற பழைய ரஷ்யப் போர் வண்டியின் படம் அவ்வப்போது யாராவது ஒருவரின் சமூக ஊடகப் பக்கத்தில் தலைகாட்டும். சைக்கிள் சக்கரம் மாதிரி ஆரக்கால் வைத்த இரண்டு பிரம்மாண்டச் சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி, பின்னால் நீண்ட வால். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு கிடையாது. முதல் உலகப் போர்க் காலத்துச் சோதனைக் கவச வண்டிகளில் மிகப் பெரிய தவறு எது என்று கேட்டால் நான் ஜார் டாங்கியைச் சொல்ல மாட்டேன். பார்க்க ஒழுங்காகவே இருந்த, ஒரே ஆர்டரில் 400 எண்ணிக்கை கேட்டு வாங்கப்பட்ட ஒரு பிரெஞ்சு வண்டியைத்தான் சொல்வேன். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

1914 முடிவில் மேற்குப் போர்முனை அப்படியே உறைந்து நின்றது. எதிரெதிராகப் பதுங்குகுழிகள், நடுவே முள்கம்பி, அதற்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கி. கவசத் தகடு அடித்த கார்கள் அப்போதே இருந்தன. ஆனால் சாலையை விட்டு இறங்கினால் அவற்றின் ஒல்லியான டயர்கள் புதைந்துவிடும். ஆக, குண்டைத் தாங்கும் தகடு யாரிடமும் இருந்தது, அதைச் சுழற்றும் எஞ்சினும் ஓரளவு இருந்தது. குண்டு விழுந்து குழம்பிய மண்ணில் பள்ளத்தைத் தாண்டி நகரும் வழிதான் ஒருவரிடமும் இல்லை.

பள்ளம் தாண்டும் கணக்கு எளிது. ஒரு பலகையை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளுங்கள். எடையின் நடுப்புள்ளி மேசைமேல் இருக்கும்வரை அது கவிழாது. வண்டியும் அப்படித்தான். எடைமையம் இந்தக் கரையைத் தாண்டும் முன்பே முன்முனை அந்தக் கரையைத் தொட்டாக வேண்டும். ஏறிய பிறகு பின்முனைக்கும் இதே நிபந்தனை. அதனால் எடைமையம் சரி நடுவில் இருந்தாலும், ஒரு வண்டி தன் நீளத்தில் பாதிக்குமேல் அகலமான பள்ளத்தைத் தாண்டாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் கரையைத் தொடும் பகுதி சுழன்று பிடித்து ஏறும் பகுதியாக இருக்க வேண்டும். சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் தகடு தொட்டால் பயனில்லை, அது மண்ணில் குத்திக்கொள்ளும். இந்த இரண்டு விதிகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காலத்து விசித்திரங்கள் எல்லாம் விளங்கிவிடும்.

முதலில் ஜார் டாங்கியை உருவாக்கிய ரஷ்யாவின் நிகொலாய் லெபெதென்கோ. அவர் சக்கரத்தைப் பெரிதாக்கினார். விட்டம் 9 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம். சக்கரம் இந்த அளவுக்குப் பெரிதானால் சாதாரணப் பதுங்குகுழி அதற்கு ஒரு கீறல் மாதிரி, விளிம்பு உள்ளே இறங்கவே இடம் இருக்காது. இது அசட்டு யோசனை அல்ல, மேலே சொன்ன கணக்குக்கு முற்றிலும் சரியான விடை. கிராமபோன் சுருள்வில்லில் ஓடும் மரமாதிரியை அவர் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலசிடம் காட்டினார், தரையில் போட்ட தடித்த சட்டப் புத்தகங்கள்மேல் அது ஏறி இறங்கியது, 210,000 ரூபிள் கிடைத்தது என்பது வரலாறு. வடிவமைப்பில் உதவியவர்கள் சாமானியர்கள் அல்லர். விமான இயக்கவியலின் முன்னோடி நிகொலாய் ழுகோவ்ஸ்கி, அவர் மாணவர் ஸ்டெச்கின், பின்னாளில் சோவியத் விமான எஞ்சின்களை வடிவமைத்துப் பேர்பெற்ற மிகூலின். எல்லோரும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்.

விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் சுமார் 240 குதிரைத்திறன் கொண்ட ஒரு மேபாக் எஞ்சின். இவை வீழ்த்தப்பட்ட ஜெர்மன் ஆகாயக் கப்பலிலிருந்து எடுத்தவை என்று சொல்வார்கள். எஞ்சின், கார் டயர்களைச் சுழற்றும். அந்த டயர்கள் பெரிய சக்கரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, உராய்விலேயே அதை உருட்டும். பல்சக்கரம் கிடையாது. சக்கரம் எங்காவது சிக்கினால் டயர் வழுக்கும், எஞ்சினோ தண்டோ உடையாது. திரும்புவதற்கு ஒரு பக்கத்து எஞ்சினை மெதுவாக்கினால் போதும். செயின் வைத்த பொக்லைன் இன்றும் ஒரு பக்கத்தை மெதுவாக்கித்தான் திரும்புகிறது.

1915 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு வடக்கே, திமித்ரோவ் அருகே காட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். மரக்கட்டை அடுக்கிய கெட்டித் தரையில் நகர்ந்தது. வழியில் இருந்த ஒரு பிர்ச் மரத்தைத் தீக்குச்சி மாதிரி முறித்தது. கட்டைப் பாதையை விட்டு இறங்கியதும் பின் உருளை புதைந்தது. முன் சக்கரம் 9 மீட்டர், பின் உருளை வெறும் 1.5 மீட்டர். தவறு முழுக்க அங்கேதான். சேற்றில் மாட்டு வண்டிச் சக்கரம் போகிற இடத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் போகாது. செய்து முடித்தபோது வண்டியின் எடை திட்டமிட்டதைவிடக் கூடியிருந்தது, சுமார் 60 டன். அதில் ஒரு பங்கு இந்தச் சின்ன உருளைமேல் உட்கார்ந்தது. சின்ன விட்டம் என்றால் மண்ணைத் தொடும் பரப்பும் குறைவு, அழுத்தம் அதிகம். புதைந்த உருளை நங்கூரமாக மாறியதும், அதை இழுக்க முன் சக்கரத்தின் உராய்வுப் பிடி போதவில்லை. இரண்டு எஞ்சினும் முழுவீச்சில் ஓடியும் அசையவில்லை. 1923-இல் பழைய இரும்பாகப் பிரிக்கும்வரை அங்கேயே நின்றது.

இதில் உயிரிழந்தவர் யாருமில்லை. ஒரு யோசனை, ஒரு மாதிரி, ஒரு சோதனை, ஒரு தோல்வி, அதோடு நிறுத்திவிட்டார்கள். சோதனை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பொருள் இல்லை.

பிரிட்டனிலும் இதே பெரிய சக்கர யோசனை ஓடியது. கடற்படை விமானப் பிரிவைச் சேர்ந்த ஹெதரிங்டன் 40 அடிச் சக்கரங்களில் உருளும் நிலக்கப்பல் ஒன்றை முன்வைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் எடை 300 டன்னில் போய் நின்றது. சர்ச்சில் 1915 பிப்ரவரியில் அமைத்த நிலக்கப்பல் குழு அதையும் பரிசீலித்துக் கடைசியில் கைவிட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. லிங்கன் நகரத்து ஃபாஸ்டர் தொழிற்சாலையில் வில்லியம் டிரிட்டனும் வால்டர் வில்சனும் சிகாகோவிலிருந்து புல்லக் டிராக்டரின் செயின்பட்டையை வரவழைத்து வண்டி செய்தார்கள். பள்ளத்தின்மேல் வந்ததும் பட்டை தொங்கியது, மறுகரையில் ஏறும்போது உருளையிலிருந்து கழன்றது. உழவு நிலத்துக்குச் செய்த பட்டைக்குத் தொங்கிப் பழக்கமில்லை. பலாட்டா என்ற ரப்பர் போன்ற பொருளில் செய்த பட்டை சோதனை மேடையிலேயே போனது. கடைசியில் 1915 செப்டம்பரில் டிரிட்டன் அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளை இணைப்புகளோடு சேர்த்து ஆணியடித்து, உள்பக்கம் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் வழிகாட்டிகளையும் வைத்தார். இனிப் பட்டை தொங்காது, சட்டத்தோடு ஒட்டியே வரும். 'லிட்டில் வில்லி' இந்தப் பட்டையோடு ஓடியது. இன்றும் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் லிட்டில் வில்லி தாண்டியது 5 அடிப் பள்ளம், ராணுவம் கேட்டது 8 அடி. இங்கேதான் வில்சன் அந்தப் பெரிய சக்கரத்துக்குத் திரும்பினார். சக்கரம் எவ்வளவு பெரிதானாலும் எந்த நேரத்திலும் வேலை செய்வது தரையைத் தொடும் அந்தச் சிறு வளைவு மட்டும்தானே? மிச்சத்தை ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? செயின்பட்டையை வண்டியின் உடல் முழுவதையும் சுற்றி ஓடவிட்டு, அடிப்பக்கத்தைச் சுமார் 60 அடிச் சக்கரத்தின் கீழ்வளைவு மாதிரி அமைத்தார். சாய்சதுர வடிவில் நாம் படங்களில் பார்க்கும் பிரிட்டனின் மார்க் 1 டாங்கி அப்படி வந்ததுதான். முன்முனை எங்கே தொட்டாலும் அங்கே சுழலும் பட்டை இருக்கும். உடல் நீளம் சுமார் 8 மீட்டர், தாண்டும் பள்ளம் 3.5 மீட்டர். முதலில் சொன்ன பாதிக் கணக்குக்குள் அழகாக அடங்குகிறது. ஆக, ஜார் டாங்கியைக் கேலி செய்கிறவர்கள் மார்க் 1-இன் தாய்மாமனைக் கேலி செய்கிறார்கள்.

மார்க் 1 ஒன்றும் சொகுசு இல்லை. 28 டன்னுக்கு 105 குதிரைத்திறன், எட்டுப் பேர், அதில் ஓட்டுவதற்கு மட்டுமே நான்கு பேர். எஞ்சின் அவர்கள் நடுவிலேயே இருந்ததால் சூடும் புகையும் உள்ளேயே தேங்கின. 1916 செப்டம்பர் 15, பிரான்சின் ஃப்ளேர் பகுதித் தாக்குதலுக்கு ஒதுக்கிய 49 வண்டிகளில் 32 மட்டுமே தொடக்கக் கோட்டை எட்டின. ஆனாலும் அடிப்படை வடிவம் சரி. அதனால்தான் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்த முடிந்தது. 1918-இல் மார்க் 5 வந்தபோது ஒரே ஓட்டுநர் போதும் என்றாகிவிட்டது.

பிரான்சில் லூயி புவரோ என்ற ரயில்வே பொறியாளர் இதே கேள்விக்கு இன்னொரு வழியில் போனார். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் ஆறு இரும்புச் சட்டங்களைக் கீல்வைத்து வளையமாகக் கோத்து, உள்ளே 80 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தார். எஞ்சின் முன்னேற, சட்டங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து தரையில் விழும், வண்டி தனக்குத் தானே தண்டவாளம் போட்டுக்கொண்டு போகும். ரயில்வேக்காரர் மூளை! முள்கம்பியை நசுக்கியது, பள்ளத்தையும் கடந்தது. ஆனால் 30 டன், மணிக்கு 3 கிலோமீட்டரைத் தாண்டவில்லை, முக்கியமாகத் திரும்பவே தெரியாது. நேராக மட்டும் ஆமை வேகத்தில் போகும் பொருளைப் பீரங்கிக்காரன் அவசரமில்லாமல் குறிவைப்பான். 1915 ஜூனில் நிறுத்தினார்கள். கவசம் போட்டுத் திருத்திய இரண்டாவது வண்டியை 1916-இல் சோதித்தபோது, அதற்குத் திரும்ப 100 மீட்டர் ஆரம் தேவைப்பட்டது. அதையும் விட்டுவிட்டார்கள். சரியான முடிவு.

இப்போது நான் சொல்லவந்த வண்டி: சாங்-ஷமோன். 1916 ஏப்ரலில் 400 வண்டிக்கு ஆர்டர். கர்னல் ரிமாய்யோ முன்னின்று வடிவமைத்தது. 23 டன், 75 மி.மீ. நீளக்குழல் பீரங்கி, 90 குதிரைத்திறன் பனார் எஞ்சின். எஞ்சின் டைனமோவைச் சுற்றும், அதிலிருந்து வரும் மின்சாரம் பட்டைக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்களை ஓட்டும். கியர் மாற்றும் தொல்லையே இல்லை, ஒருவர் தனியாகவே நுணுக்கமாகத் திருப்பலாம். இந்த ஒரு விஷயத்தில் மார்க் 1-ஐவிடப் பல படி மேல், இதை நான் மனமாரப் பாராட்டுவேன்.

கோளாறு கீழே. ஹோல்ட் என்ற அமெரிக்க டிராக்டரின் செயின் அமைப்பை நீட்டி எடுத்துக்கொண்டு, அதன்மேல் மிக நீளமான பெட்டியை உட்கார வைத்தார்கள். பெட்டியின் மூக்கு பட்டையைத் தாண்டி முன்னால் வெகுதூரம் நீண்டது, பீரங்கி அந்த மூக்கில். இரண்டு விதியும் ஒரே நேரத்தில் உடைந்தன. எடை முன்னால் சாய்ந்ததால் பள்ளத்தின் விளிம்பில் சீக்கிரமே தலைகுப்புறச் சாயும். மறுகரையை முதலில் தொடுவது பட்டை அல்ல, மூக்குத் தகடு. மூக்கு மண்ணில் குத்தியபின் பட்டை சுழன்றுகொண்டே இருந்தால் பின்பக்கத்தைத் தோண்டிப் புதைக்கும், அவ்வளவுதான். மின் அமைப்பும் தன் பங்குக்கு எடையைக் கூட்டியது. ஒரு டன்னுக்கு 4 குதிரைத்திறன்கூடத் தேறாத வண்டியால் அதிலிருந்து மீள முடியாது. 32 செ.மீ. அகலத்தில் தொடங்கிய பட்டையை 50 செ.மீ. வரை அகலப்படுத்தினார்கள். மூக்குக்கு அடியில் உருளை வைத்தார்கள். கையெறி குண்டு உருண்டு விழட்டும் என்று தட்டையான கூரையைச் சரிவாக்கினார்கள். எல்லாம் ஒட்டு வேலை, மூக்கு அங்கேயேதான் இருந்தது. 1917 மே 5, லாஃபோ ஆலைப் பகுதியில் முதன்முதலாக இறங்கிய வண்டிகளில் பல, எதிரியின் முதல் பதுங்குகுழியிலேயே மாட்டி நின்றன. உள்ளே ஆள்கள் இருந்தார்கள். பக்கவாட்டு வரைபடத்தில் அளவுகோல் வைத்தாலே தெரிகிற குறையை அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் கோபம் இங்கேதான்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் 16 அன்று, பெரி-ஓ-பாக்கில் ஷ்னைடர் என்ற இன்னொரு பிரெஞ்சு வகை வண்டிகள் சுமார் 130 போயின. பாதிக்குமேல் களத்திலேயே நின்றுவிட்டன. அந்த வண்டியில் பெட்ரோல் தொட்டி முன்பக்கம் இருந்தது, குண்டு பட்டதும் பல வண்டிகள் ஆளோடு எரிந்தன. தலைமையேற்றுப் போன கமாண்டர் புஸ்ஸுவும் தன் வண்டியில் இறந்தார். பிறகுதான் தொட்டியைப் பின்புறம் வெளியே, கவசத்துக்குள் மாற்றினார்கள். ஒரு தொட்டியை இடம் மாற்ற அவ்வளவு பேர் எரிய வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் ஏ7வி-க்கும் அடியில் ஹோல்ட் வகைப் பட்டைதான். 30 டன், 18 பேர், இரண்டு 100 குதிரைத்திறன் டைம்லர் எஞ்சின். சாலையில் நன்றாக ஓடும், ஆனால் தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே ஒரு சாண் அளவு இடைவெளிதான், பள்ளம் என்றால் வயிறு தட்டி நிற்கும். செய்தது 20. மிஞ்சியிருப்பது 'மெஃபிஸ்டோ' ஒன்று. 1918 ஏப்ரல் 24-இல் வில்லேர்-பிரெத்தனேவில் குண்டுப் பள்ளத்தில் சிக்கியதை ஆஸ்திரேலியப் படையினர் ஜூலையில் இழுத்துப் போனார்கள். இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறது.

நீளம் வேண்டும், எடை வேண்டாம் என்ற சிக்கலுக்கு அமெரிக்கர்கள் 1918-இல் ஒரு எலும்புக்கூட்டு டாங்கி செய்தார்கள். குழாய்களை இணைத்த சட்டம், சுற்றிலும் நீளமான பட்டை, நடுவே இரண்டு பேருக்கு மட்டும் கவசப் பெட்டி, மொத்தம் 9 டன். பார்த்தால் சாரம் கட்டியதுபோல் இருக்கும், ஆனால் கணக்கு சரி. போர் முடிந்துவிட்டதால் ஒன்றோடு நின்றது. பிரான்சின் ரெனோ எஃப்டி டாங்கி அதே சிக்கலை இன்னும் மலிவாகத் தீர்த்திருந்தது. 6.5 டன் குட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்பு வால் மாட்டினார்கள், தாண்டும் அகலம் 1.35 மீட்டரிலிருந்து 1.8 மீட்டரானது. அதன் முன்சக்கரம் உடலைவிட முன்னால் துருத்தி நிற்பதைக் கவனியுங்கள். முதலில் தொடுவது பட்டைதான்.

சாங்-ஷமோனில் ஒன்றே ஒன்று பிரான்சின் சோமூர் கவச வாகன அருங்காட்சியகத்தில் மிஞ்சி நிற்கிறது. அதன் படம் கிடைத்தால் நேர் பக்கவாட்டுப் படமாகத் தேடிப் பாருங்கள். பட்டை முடிகிற இடத்தில் ஒரு விரலை வைத்து, அங்கிருந்து மூக்கு நுனிவரை எவ்வளவு தகடு சும்மா நீண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள்.