தர்காவுக்குள்ளேயே ஒரு டாக்டர்

மனநோய் வந்தவரைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போனதாக யாராவது எழுதினால் போதும், "ஏர்வாடி மறந்துடுச்சா?" என்று ஒரு கமெண்ட் வந்துவிடும். மறக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் அந்த ஊரில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் பலரால் ஓடக்கூட முடியவில்லை. ஆனால் அவர்களைக் கொன்றது துஆ என்கிற பிரார்த்தனை இல்லை. கொட்டகையும் சங்கிலியும், குடும்பங்களின் நம்பிக்கையை வைத்துப் பணம் பார்த்த வியாபாரமும்தான்.

அதற்கு அடுத்த வருடமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிமான்ஸின் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் உள்ள ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து எழுதியது. பெரும்பாலோருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் தீவிர மனநோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். பேயோட்டவில்லை, மருந்தும் இல்லை. காலையில் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே வீட்டு ஆள் ஒருவர். நோய்க்குறிகள் எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது.

"பார்த்தீங்களா, மாத்திரையே வேண்டாம்" என்று இதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 31 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அங்கே யாரும் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, சும்மா உட்கார்த்தி வைக்கவும் இல்லை. நம் ஊரில் எத்தனை வார்டுகளில் இது நடக்கிறது?

குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 'தவா-துஆ' (மருந்தும் பிரார்த்தனையும்) என்று ஒரு திட்டம் உண்டு. தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்திருப்பார். மந்திரித்துவிடும் முஜாவரே (தர்கா ஊழியர்) "அப்படியே டாக்டரையும் பார்த்துட்டுப் போ" என்று அனுப்பிவைப்பார். பின்னாளில் நம் அரசும் ஏர்வாடிக்கு அதைக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால், கூட்டம் கூடும் ஒவ்வொரு தலத்திலும் இது வேண்டும்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை சாமியாருக்கோ, ஹஜ்ரத்துக்கோ, பாஸ்டருக்கோ கிடையாது. "தியானம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்கிற சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

டாக்டர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்போ விரதமோ இருந்தால் உடம்பில் நீர் வற்றும், ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி ஆபத்தாகலாம். ஆனால் சாமி, விரதம் என்றாலே சிரிக்கிற டாக்டரிடம் எந்த நோயாளி அதைச் சொல்வார்? குடிப்பீங்களா, சிகரெட் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள் இல்லையா, அதோடு விரதம், வேண்டுதல் ஏதாவது உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அரை நிமிடம்கூட ஆகாது.