மதிப்பெண் வேறு, நோய் வேறு
மருத்துவ மாணவர்களில் பாதிப்பேருக்கு மேல் தூக்கமின்மை நோய் இருப்பதாக ஆய்வுகள் கண்டறிந்துள்ளன என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறை நியாயமானது. ஆனால் அப்படிப் பரவும் எண்கள் பலவும் 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர வினாத்தாளிலிருந்து வருபவை. கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி மாணவரே பதில் எழுதுவார். மொத்த மதிப்பெண் 21க்கு 5ஐத் தாண்டினால் தூக்கத்தின் தரம் குறைவு என்று பொருள். அது நோய் நிர்ணயம் அல்ல. தேர்வு மாதத்தில் விடுதி மாணவர் யாரும் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடலாம்! நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர் சொல்ல, தூங்க வாய்ப்பிருந்தும் வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்து, பகல் வேலையும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஆய்வுக் கட்டுரையில் ஆய்வு முறை பற்றிய பகுதியைத் திறந்து, எந்த வினாத்தாள், எந்த மாதத்தில் கேட்டார்கள் என்று பாருங்கள்.